இளவரசர் தாரா ஷுகோ வரலாறு

சமயம் உயிரைத் திருத்துதற்கு அமைந்தது. செங்கோல் நாட்டைக் காத்தற்கு அமைந்தது. இவ்விரண்டும் தத்தம் எல்லையில் நின்று உலகுக்கு நலம் செய்தல் நன்றேயாம். ஆனால், செங்கோலைப் பற்ற விழைவோர் சமயத்தைப் படைக்கலமாக எடுப்பரேல், நாடு கெடுவதோடு சமயமும் தன் தூய்மையை இழக்கும். இவ்வுண்மையை வாதத்தால் நிறுவுவதினும் ஒரு வாழ்க்கையால் விளக்குதல் எளிதாகலின், மொகலாயப் பேரரசர் ஷாஜஹானுக்கு மூத்த புதல்வராய்ப் பிறந்து, சமயத் துரோகி என்னும் பழி சுமத்தப்பெற்று, 1659-ஆம் ஆண்டில் தில்லியிற் கொலையுண்ட தாரா ஷுகோவின் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தாரா நம் சமயத்தவர் அல்லர். அவர் கண்ட தத்துவ முடிபும் சித்தாந்த சைவத்துக்கு உடன்பாடானதன்று. அதனை உரிய இடத்திற் கூறுவோம். ஆயினும் உபநிடதங்களைப் பாரசீக மொழியிற் பெயர்ப்பித்து, பிற்காலத்தில் மேனாட்டார் அவற்றை அறிதற்கு வாயில் திறந்தவர் அவரே. நம் குமரகுருபர சுவாமிகள் வாழ்ந்த நூற்றாண்டிற் காசி அடங்கிய மாகாணத்துக்கு அதிபதியாய் இருந்தவரும் அவரே. இவற்றினும் சிறந்த காரணம் பிறிதொன்றுண்டு. அவர் உயிரைக் கவர்ந்தது வாள் மட்டும் அன்று. சமய நூல் கற்றார் சிலர் எழுதித் தந்த தீர்ப்பும் ஆகும். மடங்களிலும் கழகங்களிலும் அமர்ந்து நூலாராயும் அன்பர்கள் சிறப்பாக உளங்கொள்ள வேண்டுவது அத்தீர்ப்பின் வரலாறேயாம்.

பிறப்பும் இளமையும்

தாரா 1615-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அஜ்மீரிற் பிறந்தார். தந்தையார் அந்நாளிற் குர்ரம் என்னும் பெயருடைய இளவரசர். தாயார் மும்தாஜ் மஹால். ஆண்மகவு வேண்டி, அஜ்மீரில் அடங்கியுள்ள முயீனுத்தீன் சிஷ்தி என்னும் பெரியாரின் தலத்தில் தந்தையார் வழிபட்டனர் என்பதைத் தாராவே தம் நூலொன்றிற் குறித்துள்ளார். அவருக்குப் பின் 1616-இல் ஷுஜாவும், 1618-இல் ஒளரங்கசீப்பும், 1624-இல் முராதும் பிறந்தனர். நால்வரும் ஒரு தாய் வயிற்றினர் என்பதை நினைவிற் கொள்க.

1622-இற் குர்ரம் தம் தந்தை ஜஹாங்கீருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். கிளர்ச்சி தோற்று அவர் பணிந்தபொழுது, 1626-இல் தாராவும் ஒளரங்கசீப்பும் பாட்டனார் அவைக்குப் பிணையாக அனுப்பப்பட்டனர். தாராவுக்கு அப்பொழுது வயது 11. மூத்த மகனுக்கே முடி என்னும் நிலைத்த விதி மொகலாயர்க்கு இல்லாமையால், உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் மற்றவரைத் தம் உயிர்க்கு இடையூறாகக் கருதும் நிலை அக்குடியிற் பிறவியிலேயே அமைந்திருந்தது. பின்னாள் நிகழ்ச்சிகளுக்கு வேர் இவ்விடத்தே உள்ளது. சமய வேற்றுமையில் அன்று.

1628-இற் குர்ரம் ஷாஜஹான் என்னும் பெயரோடு அரியணை ஏறினார். 1631-இல் மும்தாஜ் புர்ஹான்பூரில் இறந்தார். 1633-இல் தாரா, தம் பெரிய தந்தையாராகிய பர்வேஜின் மகள் நாதிரா பானுவை மணந்தார். நாதிராவுக்காகத் தாரா தொகுப்பித்தளித்த ஓவியத் தொகுதி இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் உள்ளது. அம்மையார் தாம் இறக்குங்காறும் கணவரைப் பிரியாது இன்பத்தினும் துன்பத்தினும் உடன் நின்றார்.

ஞானத் தேட்டம்

இளமையில் நோயுற்ற தாராவை ஷாஜஹான் லாகூரில் வாழ்ந்த மியான் மீர் என்னும் சூபிப் பெரியாரிடம் அழைத்துச் சென்றார். மியான் மீர் காதிரிய்யா நெறியினர். அரசர் தரும் பொருளை விரும்பாதவர். அவர் ஓதித் தந்த நீரால் நோய் நீங்கிற்றென்று தாரா எழுதியுள்ளார். உடல்நோய் நீங்கியதோடு உயிர்நோய்க்கு மருந்து தேடும் வேட்கையும் அந்நாள் முதல் அவர்பால் முளைத்தது. மியான் மீர் 1635-இல் மறைந்தபின், அவர்தம் மாணவர் முல்லா ஷாவைக் குருவாகக் கொண்டு, 1640-ஐ ஒட்டித் தாரா அந்நெறியிற் புகுந்தார். தமக்கையார் ஜஹானாராவும் அப்பெரியார்க்கே மாணவியாயினர்.

தாரா முதலில் எழுதியவை சூபிப் பெரியார்களின் சரிதங்கள். 1640-இல் இயன்ற சபீனத்துல் அவுலியா இஸ்லாமியப் பெரியார் பலருடைய வரலாறுகளைச் சுருங்கக் கூறுவது. 1642-இல் இயன்ற சகீனத்துல் அவுலியா தம் குருமார் வரலாற்றை விரித்துரைப்பது. 1646-இல் ரிஸாலயெ ஹக் நுமா என்னும் சாதன நூல் எழுந்தது. இவை யாவும் இஸ்லாமிய நெறிக்குள் நின்று எழுதப்பட்டவை. எனவே, தாரா இளமை தொட்டே தம் சமயத்தை இகழ்ந்தார் என்று கூறுவது அவர்தம் நூல்களைக் கல்லாதார் கூற்றேயாம்.

1645-இல் அலகாபாத் மாகாணத்தின் ஆட்சி தாராவுக்கு உரியதாயிற்று. காசி அம்மாகாணத்தைச் சார்ந்தது. காசிக்கும் பிரயாகைக்கும் செல்லும் யாத்திரிகர்மேல் விதிக்கப்பட்டிருந்த வரியை, காசியில் வாழ்ந்த கவீந்திராசாரிய சரசுவதி என்னும் சந்நியாசியார் ஷாஜஹானை வேண்டி நீக்குவித்தனர். அவர் தாராவின் ஆதரவு பெற்றவர். தருமபுரத்து மாசிலாமணி தேசிகரிடம் அருள்பெற்று வடநாடு சென்ற குமரகுருபர சுவாமிகள் தில்லிப் பாதுஷாவைக் கண்டு, காசியில் மடம் நிறுவ இடம் பெற்றனர் என்பது நம் மடத்து வழக்கு. சுவாமிகள் கண்டது தாராவையே எனக் கூறுவாரும் உளர். பிற சமயத்துத் துறவியைச் செவிமடுத்துக் கேட்கும் அரசவை ஒன்று அக்காலத்து வடநாட்டில் இருந்தது என்பதற்குக் கவீந்திரர் பெற்ற வரி நீக்கமே போதிய சான்றாம்.

இரு கடலும் ஐம்பது உபநிடதமும்

1653-இல் லாகூரில் தாரா, பாபா லால் என்னும் இந்துத் துறவியைக் கண்டு பன்முறை அளவளாவினார். துறவு யாது, குருவின் இலக்கணம் யாது, வழிபாட்டின் பயன் யாது என்பன போன்ற வினாக்களை இளவரசர் எழுப்ப, துறவி விடை கூறினார். அவ்வுரையாடல்கள் பாரசீகத்தில் எழுதி வைக்கப்பட்டன.

1655-இல் மஜ்மவுல் பஹ்ரைன் என்னும் நூலைத் தாரா இயற்றினார். இரு கடல்களின் சங்கமம் என்பது அப்பெயரின் பொருள். பூதங்கள், பொறிகள், ஆன்மா, நாதம், இறைவன் திருநாமங்கள், அவனைக் காணும் காட்சி, முத்தி முதலிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, சூபிகள் வழங்கும் சொல்லையும் இந்துத் தத்துவ நூலார் வழங்கும் சொல்லையும் அடுத்தடுத்து நிறுத்தி, இருவரும் சுட்டும் பொருள் ஒன்றே என அவர் முடித்தார். இதன் வடமொழி வடிவம் சமுத்திர சங்கமம் எனப் பெயர் பெற்றது. 1656-இல் யோகவாசிட்டம் அவர் ஏவலாற் பாரசீகமாயிற்று.

அவர்தம் உழைப்பிற் சிறந்தது 1657-இல் முடிவெய்திய சிர்ரெ அக்பர் ஆகும். பேரிரகசியம் என்பது இதன் பொருள். காசியிலிருந்து பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் தில்லிக்கு வருவித்து, யமுனைக் கரையிலுள்ள நிகம்போத் மாளிகையில் ஆறு திங்களில் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்திற் பெயர்த்து முடித்தார். குர்ஆனில் மறைத்துச் சுட்டப்பெற்ற நூல் உபநிடதமே என்று அவர் துணிந்தார். ஆகவே, தம் மறையை விட்டுப் பிறர் மறையைத் தழுவவில்லை. தம் மறையின் உட்பொருளை விளக்கும் விளக்காகவே உபநிடதத்தைக் கொண்டனர் என்பதே அவர் உள்ளக்கிடை.

ஈண்டுச் சித்தாந்திகள் கூற வேண்டுவது ஒன்றுண்டு. இரு சமயத்துச் சொற்களை இணைத்து வைத்தலால் இரு சமயத்துப் பொருளும் ஒன்றாகிவிடா. உயிரும் இறையும் பொருளால் ஒன்றே எனத் தாரா கொண்ட ஏகான்ம முடிபை, பதி பசு பாசம் மூன்றும் அநாதி எனக் கொள்ளும் நாம் ஏலோம். அவர் காலத்து இஸ்லாமிய அறிஞருள்ளும் அதனை ஏலாதார் இருந்தனர். அங்ஙனம் ஏலாமை அவர்க்கு உரிமையேயாம். கொள்கை மறுப்பு குற்றமன்று. ஆயின், மறுப்பு எவ்விடத்து நிகழ்தல் வேண்டும், எதனை ஆயுதமாகக் கொள்ளல் வேண்டும் என்பதே வினா.

தாராவின் குறைகள்

சரிதம் எழுதுவார் புகழ் ஒன்றையே கூறுதல் முறையன்று. ஷாஜஹான் மூத்த மகன்மேல் வைத்த அன்பால் அவரைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டு, பட்டமும் படையும் பொருளும் மற்றை மக்களினும் மிகுதியாக அளித்தார். 1655-இல் அரியணைக்கு அருகே பொன்னாசனமும் வழங்கினார். இதனாற் போர்க்களப் பயிற்சி தாராவுக்குக் குறைந்தது, செருக்கு மிகுந்தது. பெருந்தலைவர்களை அவமதித்துப் பேசும் இயல்பு அவரிடம் இருந்தமையால், இடுக்கண் வந்துழி அவர்களுட் பலர் உதவிலர்.

பாரசீகர் கைப்பட்ட காந்தஹார்க் கோட்டையை மீட்க 1653-இற் பெரும்படையோடு சென்று ஐந்து திங்கள் முற்றுகையிட்டும் தாரா வெற்றி கண்டிலர். அம்முற்றுகையில் மந்திரவாதிகளையும் துறவிகளையும் உடன்கொண்டு சென்று, அவர்தம் ஆற்றலாற் கோட்டை வீழும் என நம்பியிருந்தார் என்பது அக்காலத்துக் குறிப்புகளாற் பெறப்படும். அருளாளர்பால் ஞானம் வேண்டுதல் தக்கது. கோட்டை வேண்டுதல் தகாது. சமயத்தை அரசியற் கருவியாக்கும் பிழையின் ஒரு சிறு கூறு தாராவிடத்தும் இருந்தது என்பதை மறைத்தல் வேண்டா.

அரசுரிமைப் போர்

1657 செப்டம்பரில் ஷாஜஹான் கடும் நோயுற்றார். செய்தி பரவியதும் வங்காளத்தில் ஷுஜாவும் குஜராத்தில் முராதும் தாமே முடிசூடிக்கொண்டனர். தக்கணத்திலிருந்த ஒளரங்கசீப் அவ்வாறு செய்யாது, முராதோடு உடன்படிக்கை செய்துகொண்டார். தாரா சமயத்தைக் கைவிட்டவர் என்றும், இஸ்லாத்தைக் காத்தற்கே தாம் வாள் எடுப்பதாகவும் அறிவித்தார். வெற்றிக்குப் பின் பஞ்சாபு, காபூல், காஷ்மீரம், சிந்து ஆகியவை முராதுக்கு உரியன என்பதும் அவ்வுடன்படிக்கையின் கூறு. சமயத்தைக் காத்தற்கு எழுந்த ஒப்பந்தத்தில் நாட்டைப் பங்கிடும் பகுதி எற்றுக்கு என்பது சிந்திக்கற்பாலது.

1658 ஏப்ரலில் உஜ்ஜயினிக்கு அருகே தர்மட் என்னுமிடத்தில் ஜஸ்வந்த் சிங்கின் தலைமையிற் சென்ற அரசர் படை தோற்றது. மே 29-இல் ஆக்ராவுக்கு அணித்தாயுள்ள சாமூகட் களத்தில் தாராவே எதிர்நின்றார். போர் கடுமையுற்ற வேளையில் அவர் யானையை விட்டுக் குதிரையேறினார். வெற்று அம்பாரியைக் கண்ட படைஞர் தலைவர் மடிந்தார் எனக் கருதிச் சிதறினர். ஜூனில் ஆக்ராக் கோட்டை வீழ்ந்தது. ஷாஜஹான் அதனுள்ளே சிறைப்பட்டு, 1666-இல் இறக்குங்காறும் வெளிவந்திலர்.

இப்போரை இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நிகழ்ந்ததாகக் கொள்வார் உளர். அது பொருந்தாது. இரு பக்கத்தும் இரு சமயத்தாரும் நின்றனர். தாராவின் அணியில் இராசபுத்திரர் மிகுதி. ஒளரங்கசீப்பின் அணியிலும் இராசபுத்திரரும் மராட்டியரும் போரிட்டனர். வெற்றிக்குப் பின் ஒளரங்கசீப்பின் நிதித்துறையை 1663 வரை நடத்தியவர் இராஜா ரகுநாதர் என்னும் இந்து. அம்பர் மன்னர் ஜெய்சிங் சாமூகட்டுக்குப் பின் ஒளரங்கசீப் பக்கம் சேர்ந்தார். சமயமே போர்க்குக் காரணமாயின் இவர்கள் அவ்வாறு பிரிந்து நிற்றல் கூடாதன்றோ?

உடன்படிக்கை செய்துகொண்ட முராதின் கதியையும் நோக்குக. சாமூகட் வெற்றி கிட்டி ஒரு திங்கள் கழிவதன் முன், மதுரா அருகே விருந்துக்கு அழைக்கப்பட்டு அவர் கைது செய்யப்பட்டார். பின்னர்க் குவாலியர்க் கோட்டையில் அடைபட்டு, 1661-இற் கொலையுண்டார். அவர் முன்னர்க் கொன்ற அலி நகீ என்பானின் மகன் பழிக்குப் பழி வேண்டினான் என்பது அதற்குக் காட்டிய சட்டக் காரணம். ஷுஜா தோற்று, 1660-இல் அரக்கான் நாட்டுக்கு ஓடி அழிந்தார். முராதோ ஷுஜாவோ உபநிடதத்தைப் பெயர்த்தவரல்லர். மூவருள் ஒருவர்மேலே சமயத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது; அழிந்தவரோ மூவரும். இதனாற் குற்றத்தின் உண்மைப் பெயர் அரசுரிமை என்பது தெற்றெனப் புலனாம்.

அலைச்சலும் இறுதியும்

தாரா லாகூர், முல்தான், சிந்து, குஜராத் என ஊர்தோறும் அலைந்தார். 1659 மார்ச்சில் அஜ்மீருக்கு அருகே தேவராயில் நிகழ்ந்த போரிலும் தோற்றார். துணை வருவதாகச் சொன்ன ஜஸ்வந்த் சிங் வந்திலர். தாம் பிறந்த ஊரின் எல்லையிலேயே அவர்தம் இறுதி நம்பிக்கை அழிந்தது. பாரசீகத்துக்குச் செல்லக் கருதிப் போலன் கணவாயை நோக்கிச் செல்லுங்கால், நாதிரா பானு நோயும் வெப்பமும் தாங்காது ஜூன் திங்களில் உயிர் நீத்தார். மனைவியாரின் உடலை லாகூரில் மியான் மீரின் அடக்கத்துக்கு அருகே புதைக்க வேண்டித் தம்பால் எஞ்சியிருந்த வீரரிற் பெரும்பாலாரைத் தாரா உடன் அனுப்பிவிட்டார்.

கணவாயை அடுத்துள்ள தாதரின் தலைவன் மாலிக் ஜீவன். முன்னொருகால் ஷாஜஹான் அவனை யானைக்காலில் இடும்படி விதித்தபொழுது, தாரா இரந்து அவனுயிரைக் காத்திருந்தார். அந்நன்றியை நம்பி அவன் மனை புகுந்தவரை அவன் பிடித்து ஒளரங்கசீப்பின் படைத்தலைவரிடம் ஒப்புவித்தான்.

ஆகஸ்டு 29-இல் தாராவும் அவர்தம் இளைய மகன் ஸிபிஹிர் ஷுகோவும் அழுக்கடைந்த பெண்யானை ஒன்றின்மேல் ஏற்றப்பட்டுத் தில்லித் தெருக்களில் வலம்வரச் செய்யப்பட்டனர். மக்கள் இகழ்வர் என எதிர்பார்த்து நிகழ்த்திய அவ்வூர்வலத்தில் மக்கள் அழுதனர். அதனை நேரிற் கண்ட பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, தெருவெங்கும் அழுகுரல் கேட்டதாகக் குறித்துள்ளார். மறுநாள் மாலிக் ஜீவன் தில்லித் தெருவிற் சென்றபொழுது மக்கள் அவன்மேற் கல்லெறிந்தனர். அவர்களுட் பெரும்பாலார் இஸ்லாமியரே. தாராவைச் சமயத் துரோகி என அரண்மனை கருதிற்று. அச்சமயத்து மக்கள் கருதினாரல்லர்.

அவையில் ஆராய்ச்சி நடந்தது. தானிஷ்மந்த் கான் என்னும் அறிஞர் உயிர்ப்பிச்சை அளிக்குமாறு வேண்டினார். தங்கை ரோஷனாராவும் வேறு சில பெருந்தலைவரும் கொலையே தக்கதென்றனர். சமய நூலறிஞர் சிலர் தாரா நெறி பிறழ்ந்தவர் எனத் தீர்ப்பு எழுதிக் கையொப்பமிட்டனர். பிராமணரோடும் யோகிகளோடும் பழகியது, வேதத்தை இறைநூல் எனக் கொண்டது, பிரபு என நாகரத்தில் எழுதிய மோதிரம் அணிந்தது முதலியன அரச வரலாற்று நூல் காட்டும் குற்றங்கள். ஆகஸ்டு 30 இரவு, மகனை அவர் கையினின்றும் பிரித்து, தாராவைக் கொன்றனர். உடல் ஹுமாயூன் அடக்க மாளிகையிற் புதைக்கப்பட்டது.

இவ்விடத்து நாம் மறவாது நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. அதே 1659-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காசியிலுள்ள பழைய கோயில்களை இடித்தலாகாது, அங்குள்ள பிராமணர்க்கு இடையூறு செய்தலாகாது என ஒளரங்கசீப்பே ஆணை பிறப்பித்திருந்தார். காசியிலுள்ள வீரசைவ ஜங்கமவாடி மடத்துக்கு அவர் வழங்கிய உரிமை ஆவணங்களும் உள. பத்தாண்டு கழிந்து, 1669-இல் அக்காசியிலேயே விசுவநாதர் திருக்கோயில் அவர் ஆணையால் இடிக்கப்பட்டது. 1679-இல் ஜிஸியா வரி மீண்டும் விதிக்கப்பட்டது. காத்த கையும் இடித்த கையும் ஒன்றே. பிராமணரைக் காக்க ஆணையிட்ட ஆண்டிலேயே பிராமணரோடு பழகினார் என்பது தமையனாருக்குக் கொலைக்குற்றமாயிற்று. அரசின் தேவை மாறுந்தோறும் சமயவிதி மாறுமாயின், அங்கு ஆள்வது சமயமன்று என்க.

எழுதித் தந்தாரும் எழுத மறுத்தாரும்

ஒளரங்கசீப் முடிசூடிய காலத்தில், தந்தை உயிரோடிருக்க மகன் பெயரால் குத்பா ஓதுதல் விதியன்று எனத் தலைமைக் காஜி மறுத்தார். அவர் பெயர் பெருவழக்காயிற்றில்லை, செயல் நிலைத்தது. அப்பொழுது குஜராத்தினின்று வந்த அப்துல் வஹாப் என்பவர், ஷாஜஹான் நோயால் ஆளும் வலியற்றார், ஆதலின் அரியணை வெற்றிடமே எனத் தீர்ப்புக் கூறினார். தலைமைக் காஜிப் பதவி அவர்க்குக் கிட்டிற்று. 1675-இல் அவர் இறக்குங்கால் பெரும்பொருள் குவித்து வைத்திருந்தார்.

அவர்தம் மகன் ஷைகுல் இஸ்லாம், தந்தை ஈட்டிய பொருளில் ஒரு காசும் தொடாது விட்டார். தாமே தலைமைக் காஜியாகி அமர்ந்தபின், பீஜப்பூர், கோல்கொண்டா என்னும் இஸ்லாமிய அரசுகளின்மேற் படையெடுத்தலுக்கு ஒளரங்கசீப் அவரது இசைவை வேண்டினார். சமயத்தார் சமயத்தாரைக் கொல்லும் போர்க்கு நூல் இடந்தாராது என அவர் மறுத்து, பதவியைத் துறந்து மக்காவுக்குச் சென்றார். 1686-இல் பீஜப்பூரும் 1687-இற் கோல்கொண்டாவும் அரசர் கைப்பட்டன. ஆயினும் சமயத்தின் முத்திரை அப்போர்க்கு அவர் கையாற் கிடைத்திலது.

தந்தையும் மகனும் கற்ற நூல் ஒன்றே. அமர்ந்த ஆசனம் ஒன்றே. எதிர்நின்ற அரசரும் ஒருவரே. ஒருவர் எழுதித் தந்தார். ஒருவர் எழுத மறுத்தார். ஆதலின், சமயத்தின்பேரால் நிகழ்ந்த கொடுமைக்கு அச்சமய நூலையே காரணமாக்குதல் பொருந்தாது. நூலுக்கும் அரசனுக்கும் இடையே அமர்ந்திருக்கும் அறிஞரின் நெஞ்சிலே அது முடிவாகின்றது. தாராவின் சரிதம் மடத்தார்க்கும் கழகத்தார்க்கும் உரிய சரிதமாவது இதனாலேயே.

நூல் வாழ்ந்தமை

தாராவின் உடலை அழித்தவர்களால் அவர் நூலை அழித்தல் இயன்றிலது. சிர்ரெ அக்பரின் படியொன்று, அயோத்தி நவாபின் அவையிலிருந்த ஜான்டீல் என்னும் பிரெஞ்சுக்காரர் வழியாக 1775-இல் ஆங்கெத்தீல் துய்ப்பெரோன் என்னும் அறிஞர்க்குக் கிட்டிற்று. அவர் அதனை இலத்தீனிற் பெயர்த்து, 1801, 1802 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஜெர்மானியத் தத்துவர் ஷோபன்ஹவர் 1814-இல் அதனைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் போற்றினார். இவ்வாறு உபநிடதம் ஐரோப்பியர் உள்ளத்திற் புகுந்தது.

இக்காலத்தும் தாராவின் பெயர் அரசியலில் எடுத்தாளப்படுகின்றது. 2017-இல் தில்லியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2020-இல் ஹுமாயூன் மாளிகையில் அவர் சமாதியைக் கண்டறிய மத்திய அரசு குழுவொன்றை அமைத்தது. நல்லார் நினைவைப் போற்றுதல் நன்றே. ஆயினும் ஒரு சமயத்தாரை நல்லவர், தீயவர் என இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை இகழ்தற்கு அவர் பெயரைக் கருவியாக்குவார் உளராயின், அவர்கள் செய்வதும் 1659-இல் நிகழ்ந்ததற்கு இனமானதே. சமயம் இழிந்தவர் என்று கூறி அன்று தாராவைக் கொன்றனர். சமயப்பகைக்கு அவரையே சான்றாக்குதல் மீண்டும் கொல்லுதலாம்.

துணிபு

நம் ஆசிரியர்கள் பிறர் மதத்தை மறுத்தற்கு வகுத்த நெறி யாதென நினைவு கூர்க. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் மாற்றார் கொள்கையை அவர்தம் வாயாற் கூறுமாறு முதலிற் கூறி, பின்னரே அளவைகளால் மறுத்துச் செல்கின்றார். மாற்றான் கூற்றை முழுதுங் கேளாது மறுப்பு எழுதுதல் அந்நெறியன்று. அளவையால் வெல்ல வேண்டுவதை அரசன் வாளால் வெல்ல நினைத்தல் தன் அளவையில் நம்பிக்கையிழந்தார் செயலாம்.

தாராவின் முடிபை யாம் மறுப்போம். அவரோடிருந்து வாதித்தல் கூடுமாயின் அவர் அவையிலேயே மறுப்போம். ஆனால், அம்மறுப்பைக் கொலைத் தீர்ப்பாக எழுதித் தருமாறு ஓர் அரசு கேட்குமாயின், அது வாக்குச் சீட்டால் வந்த அரசாயினும் வாளால் வந்த அரசாயினும், எழுதுகோலைக் கீழே வைத்தலே சமயத்துக்குச் செய்யும் தொண்டாம். ஷைகுல் இஸ்லாம் பதவியைத் துறந்து சென்றதனால் அவர் சமயம் குறைவுபடவில்லை. அப்துல் வஹாப் பதவி பெற்றதனால் அது நிறைவுபடவுமில்லை. திருமடங்களும் சமய சபைகளும் எக்கொடியின்கீழ் இருப்பினும் இத்துணிபைக் கைவிடாதிருத்தல் வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.